பிரெஞ்சில் ‘தார்திவ்மான்’: தாமதத்தை மரியாதையோடு சொல்லும் சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ‘தார்’ வந்துவிடும். நேரமாகிவிட்டது என்று சொல்ல அது வேண்டும். அதன் பின்னாலேயே ‘ஆன் ரெத்தார்’ வரும். வகுப்புக்குப் பிந்தி வந்து மன்னிப்புக் கேட்பதற்கு அது இல்லாமல் முடியாது. ‘தார்திவ்மான்’ மட்டும் வெகுநாள் கழித்துத்தான் கண்ணில் படும். அதுவும் பாடப்புத்தகத்தில் அல்ல, ஏதாவது அலுவலகக் கடிதத்திலோ செய்தித்தாளிலோ மருத்துவ அறிக்கையிலோ. அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ‘தாமதமாக’ என்றே போட்டிருப்பார்கள். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பிரெஞ்சுக்காரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் தப்பு இருக்காது, ஆனாலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

‘தார்’ கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது. ‘ஆன் ரெத்தார்’ முன்பே குறித்த நேரத்தைப் பார்த்துச் சொல்வது. ‘தார்திவ்மான்’ இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. இந்தக் காரியத்துக்கு உரிய காலம் என்று ஒன்று இருந்தது, அது கடந்த பிறகுதான் காரியம் நடந்தது என்று அது தீர்ப்புச் சொல்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகளில் பாதி தானாகவே பிடிபட்டுவிடும்.

படி 1: வாயில் வரவழைப்பது

தார்-திவ்-மான், மூன்றே அசை. எழுதும்போது ‘வ்’வுக்கும் ‘மான்’னுக்கும் நடுவில் ஓர் உயிரெழுத்து நிற்கும், பாரிஸ் பேச்சில் அது விழுந்துவிடும். தெற்கே மார்செய் நகரத்துப் பக்கம் போனால் அதை விடாமல் ‘தார்திவெமான்’ என்று நான்கு அசையாக இழுப்பார்கள். இரண்டும் சரிதான்.

இந்தச் சொல்லில் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முதல் தகரம் ‘தாய்’ என்பதில் வரும் வல்லோசை. இரண்டாவது ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய ஓசை. பிரெஞ்சில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் நாக்கு பல்லைத்தான் தொடும், நம் தகரத்துக்குத் தொடுவதுபோலவே. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்கு வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் ‘டார்டிவ்’ என்று டகரம் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். ரகரம் தொண்டையிலிருந்து வர வேண்டும். கடைசியில் ‘ன்’ என்று நான் எழுதியிருப்பது வேறு எழுத்து இல்லாததால்தான். நாக்கு மேலே போய் ஒட்டக்கூடாது. ஆவுக்கும் ஓவுக்கும் இடைப்பட்ட ஓசையை மூக்கு வழியாக விட்டு அங்கேயே நிறுத்த வேண்டும்.

படி 2: சொல் எப்படி உருவாகிறது

‘தார்’ என்பதை எழுதும்போது இறுதியில் ஒரு மெய்யெழுத்து இருக்கும். ஆனால் ஒலிக்காது. அதிலிருந்து பிறக்கும் ‘தார்திஃப்’ என்ற பெயரடையில் அந்த மெய் விழித்துக்கொள்ளும். ஆண்பாலில் தார்திஃப், பெண்பாலில் தார்தீவ். அந்தப் பெண்பால் வடிவத்தோடு ‘மான்’ சேர்ந்தால் நம் வினையடை தயார். ஆக்திஃப், ஆக்தீவ், ஆக்திவ்மான் என்பதும், விஃப், வீவ், விவ்மான் என்பதும் இதே அச்சுத்தான்.

ஏன் பெண்பால்? இந்த ‘மான்’ விகுதி லத்தீனில் மனத்தைக் குறித்த ‘மென்தே’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பெயர்ச்சொல் பெண்பால். அதனால் அதற்கு முன் வந்த பெயரடையும் பெண்பாலாக நின்றது. மனம் என்ற பொருள் எப்போதோ உதிர்ந்துவிட்டது, பால் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் சில பேரை அறிந்துகொள்வது நல்லது. ‘தார்தே’ என்றால் தாமதிப்பது. இது பேச்சில் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். ‘இல் ந வா பா தார்தே’ என்றால் ‘இதோ வந்துவிடுவார்’. ‘ஸான் தார்தே’ என்றால் ‘உடனே, சுணங்காமல்’. ‘ரெத்தார்தத்தேர்’ என்பவர் கூட்டத்துக்குப் பிந்தி வருகிற ஆசாமி.

இரண்டு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். நான் லேட் என்று சொல்ல நினைத்து ‘ஜெ சுயி ரெத்தார்தே’ என்று சொல்லிவிடாதீர்கள். மனிதரைப் பற்றிச் சொன்னால் அது அறிவு வளர்ச்சி குறைந்தவர் என்ற வசை. இன்னொன்று ‘தெலே’. ஆங்கிலத்தில் தாமதத்துக்கு இருக்கும் சொல்போலவே இருப்பதால் எல்லோரும் இதில் விழுவார்கள். பிரெஞ்சில் ‘தெலே’ என்றால் தாமதம் அல்ல, கெடு, அவகாசம். ஓர் அலுவலகம் உங்களுக்கு ஒரு மாத ‘தெலே’ கொடுத்திருக்கிறது என்றால் அவர்கள் இழுத்தடிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

படி 3: மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

கூட்டம் பத்து மணிக்கு. ஒருவர் பத்தரைக்கு வருகிறார். ‘இல் ஏ அரிவே ஆன் ரெத்தார்’ என்பதே சரி. குறித்த நேரம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டார். எவ்வளவு என்றுகூட அளந்து சொல்லலாம்: அரை மணி ‘ரெத்தார்’.

அதே மனிதர் இரவு பன்னிரண்டுக்கு வீடு திரும்புகிறார். யாரும் அவரைக் குறிப்பிட்ட நேரத்தில் எதிர்பார்க்கவில்லை. ‘இல் ஏ ராந்த்ரே தார்’. இரவு வெகுநேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது வேறொரு காட்சி. ஒரு தொழிற்சாலையை மூடப்போகிறார்கள். நிர்வாகம் அதைப் பல மாதங்களுக்கு முன்பே முடிவுசெய்துவிட்டது, தொழிலாளர்களுக்குக் கடைசி வாரத்தில்தான் சொல்கிறது. சங்கத்தின் அறிக்கையில் இப்படி வரும்: ‘நூ ஸவோன் ஏத்தே அன்ஃபோர்மே தார்திவ்மான்’, அதாவது எங்களுக்குக் காலந்தாழ்த்தித்தான் தெரிவிக்கப்பட்டது. எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதல்ல இங்கே பேச்சு. இன்ன தேதியில் சொல்வதாக யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்ற நியாயம் மட்டும்தான் இருக்கிறது. அந்த நியாயத்தைத் தூக்கிப் பிடிக்கிற சொல் இது.

அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை பாருங்கள். தெரிவிக்கப்பட்டது என்று செயப்பாட்டு வினை. யார் தாமதித்தார்கள் என்ற பேச்சே இல்லை. தார்திவ்மான் செயப்பாட்டு வினையோடு அடிக்கடி ஜோடி சேர்வது தற்செயல் அல்ல. குற்றம் சொல்ல வேண்டும், ஆனால் விரலை நீட்டக்கூடாது என்ற இடத்தில் பிரெஞ்சு நிர்வாக மொழிக்கு இதைவிட வாகான ஜோடி இல்லை.

இதனாலேயே பேச்சில் இது கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். நண்பரிடம் ‘நேற்று தார்திவ்மான் வீடு திரும்பினேன்’ என்றால், காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பதுபோல இருக்கும். அங்கே ‘தார்’ போதும்.

படி 4: தீர்ப்புச் சொல்லும் இடங்களைப் பழகுவது

இந்தச் சொல் சுதந்திரமாக நடமாடுகிற இடம் வரலாற்று எழுத்து. பிரெஞ்சுக்காரர்களே தங்கள் நாட்டைப் பற்றி எழுதும்போது இதை அடிக்கடி எடுக்கிறார்கள். நான்கு உதாரணங்கள் தருகிறேன். நான்கும் மனத்தில் தங்கினால் சொல்லும் தங்கிவிடும்.

பெண்களுக்கு வாக்குரிமை. நியூஸிலாந்து 1893-லேயே கொடுத்தது, ஜெர்மனி 1918-ல். 1789 புரட்சியின் நாடான பிரான்ஸ் 1944 ஏப்ரல் 21-ல் பிறப்பித்த ஆணையின் மூலம்தான் கொடுத்தது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 நகராட்சித் தேர்தலில். இந்த உரிமை ‘தார்திவ்மான்’ கிடைத்தது என்று எழுதினால் எந்தப் பிரெஞ்சு வாசகருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. இங்கே ‘ஆன் ரெத்தார்’ போட முடியுமா? ‘மற்ற நாடுகளைவிடப் பின்தங்கி’ என்ற பொருளில், எந்த நாட்டைவிட என்பதையும் சேர்த்துச் சொன்னால் முடியும். வெறுமனே போட்டால் ஏதோ ரயில் பிந்தி வந்தமாதிரி ஆகிவிடும்.

மரண தண்டனை. மேற்கு ஜெர்மனி 1949-ல் ஒழித்துவிட்டது. பிரான்சில் 1977-லும் தலை வெட்டும் கருவியான கில்லட்டின் வேலை செய்தது. ஒழிப்புச் சட்டம் வந்தது 1981 அக்டோபர் 9-ல். அண்டை நாடுகளை வைத்து அளக்கும்போது, இதுவும் தார்திவ்மான்.

அல்ஜீரியப் போர். 1954 முதல் 1962 வரை நடந்த சண்டையைப் பிரெஞ்சுச் சட்டம் நெடுங்காலம் ‘போர்’ என்றே அழைக்கவில்லை. ‘வட ஆப்பிரிக்காவில் மேற்கொண்ட நடவடிக்கைகள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1999 அக்டோபர் 18-ல் வந்த சட்டம்தான் அதற்குப் ‘போர்’ என்று பெயர் வைத்தது. ‘பிரான்ஸ் தார்திவ்மான் ஒப்புக்கொண்டது’ என்ற வாக்கியத்தில் முப்பத்தேழு வருட மௌனத்தின் மீதான விமர்சனமும் அடங்கிவிடுகிறது.

நான்காவது நமக்கு நெருக்கமானது. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. ஆனால் சட்டப்படி முழுமையாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு. இதைப் பிரெஞ்சில் எழுதினால் ஒப்பந்தம் ‘ந ஃபு ரத்திஃபியே க தார்திவ்மான்’ என்று வரும். முன்னால் ‘ந’, பின்னால் ‘க’ வந்து ‘தான்’ என்ற அழுத்தத்தைக் கொடுக்கின்றன: காலந்தாழ்ந்துதான் ஏற்கப்பட்டது. தார்திவ்மானோடு இந்தச் சட்டகம் எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பிரெஞ்சுப் பத்திரிகை படித்தால் பார்க்கலாம்.

எல்லா இடத்திலும் குறை சொல்லவேண்டும் என்பதில்லை. பாரிஸ் சுங்கச் சாவடி ஊழியராக இருந்த ஆன்ரி ரூசோ நாற்பது வயதை ஒட்டித்தான் முனைந்து ஓவியம் தீட்ட ஆரம்பித்தார். அவர் ஓவியத்துக்கு ‘தார்திவ்மான்’ வந்தார் என்பார்கள். இங்கே கண்டனம் ஏதும் இல்லை. வழக்கமாக ஓவியர்கள் தொடங்கும் வயது என்று ஒன்று இருக்கிறது, அதோடு ஒப்பிடுகிறார்கள். இதையே இலகுவாகச் சொல்ல ‘ஸுர் ல தார்’ இருக்கிறது. ‘வயதான காலத்தில்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். சற்றுப் பிரியமான தொனி.

எதிர்காலத்தோடு இந்தச் சொல் அவ்வளவாக ஒட்டாததற்கும் இதுதான் காரணம். ‘நாளைக்குத் தார்திவ்மான் வருவேன்’ என்றால் விசித்திரமாக இருக்கும். நடக்காத காரியத்துக்கு யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. அங்கே ‘தார்’ அல்லது ‘ஆன் ரெத்தார்’ போடுங்கள்.

படி 5: வாக்கியத்தில் எங்கே வைப்பது

‘தார்’ எப்போதும் வினைக்குப் பின்னால்தான். ‘இல் ஏ அரிவே தார்’ சரி. துணைவினைக்கும் முதல்வினைக்கும் நடுவில் அதைச் செருக முடியாது. தார்திவ்மான் அந்த நடு இடத்திலும் உட்காரும். ‘இல் ஆ ரெயாஜி தார்திவ்மான்’ என்றும் ‘இல் ஆ தார்திவ்மான் ரெயாஜி’ என்றும் சொல்லலாம். முதலாவதில் அழுத்தம் தாமதத்தின் மேல் விழும். இரண்டாவதில் அழுத்தம் எதிர்வினையின் மேல் போகும். தாமதம் போகிறபோக்கில் வந்த தகவலாகிவிடும். எந்த விமர்சனம் முக்கியமோ அதை இறுதியில் வையுங்கள்.

பெயரடையாக நிற்கும் பெயரெச்ச வடிவங்களுக்கு முன்னால் இது அழகாக அமரும்: ‘தார்திவ்மான் நிறைவேற்றப்பட்ட சட்டம்’, ‘தார்திவ்மான் கண்டறியப்பட்ட நோய்’. வாக்கியத்தின் முதலில் வைத்துக் காற்புள்ளி போடுவதும் உண்டு, ஆனால் அது பத்திரிகை நடை. கடிதத்தில் வேண்டாம்.

படி 6: அளவு கூட்டுவது

‘ப்ளு தார்’ என்றால் பெரும்பாலும் ‘பிறகு’. ‘ப்ளு தார்திவ்மான்’ என்றால் ‘வழக்கத்தைவிடப் பிந்தி’. சமூகவியல் கட்டுரைகளில் இந்த வேறுபாடு வாழ்வா சாவா பிரச்சினை. ஒருவர் ‘ப்ளு தார்’ கல்யாணம் செய்துகொண்டார் என்றால், முதலில் வேறு ஏதோ செய்தார், அப்புறம் கல்யாணம் செய்தார் என்றும் ஆகலாம். ‘ப்ளு தார்திவ்மான்’ என்றால் மற்றவர்களைவிட அதிக வயதில் என்ற பொருள் மட்டும்தான்.

‘த்ரோ’ சேர்த்தால் மிகவும் காலங்கடந்து. ‘அன் ப்பொ’ சேர்த்தால் கொஞ்சம். பிந்தையது கிண்டலுக்கு நன்றாகப் பயன்படும். வீடு எரிந்து முடிந்த பிறகு வந்த தீயணைப்பு வண்டியைப் பற்றி ‘அன் ப்பொ தார்திவ்மான்’ என்றால் அந்த ‘கொஞ்சம்’ சுருக்கென்று தைக்கும். ‘ரெலத்திவ்மான் தார்திவ்மான்’ என்று இரண்டு ‘மான்’களை அடுத்தடுத்துக் கட்டுவதைப் பிரெஞ்சுக் காது விரும்பாது. ‘அஸ்ஸே தார்திவ்மான்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 7: எங்கே போடவே கூடாது

நிலைத்துப்போன தொடர்களில் ‘தார்’ அசையாது. சீக்கிரமோ தாமதமோ என்னும் ‘தோ ஊ தார்’, அதிகபட்சம் இன்ன தேதிக்குள் என்னும் ‘ஓ ப்ளு தார்’, அப்புறம் பார்ப்போம் என்னும் ‘ஆ ப்ளு தார்’, வராமலே போவதற்குத் தாமதமாக வந்தது மேல் என்னும் ‘ம்யோ வோ தார் க ஜமே’ ஆகிய எதிலும் கைவைக்க முடியாது. நேரமாகிவிட்டது என்ற ‘இல் ஏ தார்’ என்பதிலும் அப்படியே. மரியாதையாகப் பேசுவதாக நினைத்து அங்கே நீளமான சொல்லைப் போட்டால் வாக்கியமே உடைந்துவிடும்.

ரயில், பேருந்து, விமானத்துக்கு ‘ஆன் ரெத்தார்’. பிந்திய பிறந்தநாள் வாழ்த்துக்கு ‘அவெக் அன் ப்பொ த ரெத்தார்’. ஒரு நகைச்சுவை பத்து நிமிஷம் கழித்துப் புரிந்தால் ‘ஆ ரெத்தார்தமான்’. நேரம் குறித்து வெடிக்கும் குண்டுக்கும் இதே தொடர்தான் என்பதால் அந்தக் கேலியில் ஒரு சுவை இருக்கிறது.

படி 8: கடிதம் எழுதுவது

பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சொல் நிஜமாகத் தேவைப்படும் இடம் இதுதான். பல்கலைக்கழகத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்கோ தாமதமாகப் பதில் எழுதுகிறீர்கள். முதல் வரியிலேயே மன்னிப்பு இருக்க வேண்டும். இரண்டு வடிவங்கள் போதும்.

ஒன்று: ‘வொயே எக்ஸ்க்யூஸே மா ரெப்போன்ஸ் தார்தீவ்.’ தாமதமான என் பதிலைப் பொறுத்தருளுங்கள். இங்கே பெயரடைதான் வருகிறது. பதில் என்ற சொல் பெண்பால் என்பதால் தார்தீவ்.

இரண்டு: ‘ஜெ வூ ப்ரீ த மெக்ஸ்க்யூஸே த வூ ரெப்போந்த்ர் சி தார்திவ்மான்.’ இவ்வளவு காலந்தாழ்த்தி உங்களுக்குப் பதில் எழுதுவதற்காக மன்னிக்க வேண்டுகிறேன். இது இன்னும் ஒரு படி பணிவு. நடுவில் இருக்கும் ‘சி’ என்னும் ஒற்றை அசைதான் ‘இவ்வளவு’. அதை விட்டுவிட்டால் மன்னிப்பு தட்டையாகிவிடும். பரிச்சயமான சக ஊழியருக்கு இந்த இரண்டாவது வடிவம் அனாவசியம்; முதலாவதே தாராளம்.

மன்னிப்பைச் சொன்னதும் காரணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு விஷயத்துக்குப் போங்கள். நம் ஊர்க் கடித வழக்கத்தில் காரணம் ஒரு பத்தி நீளும். பிரெஞ்சு அலுவலகத்தில் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தாமதம் உங்களுடையது அல்ல, அவர்களுடையது என்றால்? ‘உங்கள் கடிதம் எனக்குத் தார்திவ்மான் கிடைத்தது’ என்று எழுதுங்கள். தபாலில் தாமதமா, அவர்களே பிந்தி அனுப்பினார்களா என்பதை வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். கூடவே உறையைப் பத்திரமாக வைத்திருங்கள். பல விண்ணப்பங்களில் ‘தபால் முத்திரையே சான்று’ என்று அச்சடித்திருப்பார்கள். முத்திரையில் உள்ள தேதிதான் உங்களைக் காப்பாற்றும்.

டெல்ஃப் பி2 என்னும் பிரெஞ்சு மொழித் திறன் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துத் தேர்வில் 250 சொற்களாவது எழுத வேண்டும், அதிகாரபூர்வக் கடிதம் அடிக்கடி வரும். புகார்க் கடிதத்தில் தார்திவ்மான் ஒரு தடவை வந்தால் நன்றாக இருக்கும். மூன்று தடவை வந்தால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும்.

படி 9: பெயரடை போகும் இடங்களுக்குப் பின்னாலேயே போவது

தார்திவ்மான் எழுத்தில் மட்டும் உலவ, அதன் பெயரடை வயல்வெளிவரை போகிறது. அல்சாஸ் பகுதியில் ‘வான்தான்ஜ் தார்தீவ்’ என்று குப்பியில் அச்சிட்ட ஒயின் உண்டு. திராட்சையை வழக்கமான அறுவடைக்குப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு, சர்க்கரை நன்றாக ஏறிய பிறகு பறித்துச் செய்வது. 1984-ல் இதற்கென்று அரசு விதிகள் வந்தன. நினைத்தவர்கள் எல்லாம் அந்தப் பெயரைப் போட முடியாது. இங்கே தாமதம் பெருமை.

அதே கொடிக்கு எமனாக வருவது ‘ஜெலே தார்தீவ்’, பருவம் தப்பி வரும் உறைபனி. வசந்தம் வந்து துளிர் விட்ட பிறகு ஓர் இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டு விளைச்சல் போச்சு. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க அப்படித்தான் நடந்தது. வரிசை வரிசையாகப் பெரிய மெழுகு விளக்குகளைத் தோட்டத்தில் ஏற்றி வைத்து விடிய விடியக் காத்திருந்தார்கள். மே 11, 12, 13 மூன்று நாளையும் ‘பனிப் புனிதர்கள்’ என்று சொல்லி, அது கழியும்வரை தக்காளி நாற்றை வெளியே நடாதே என்று தோட்டக்காரர்கள் இன்றும் எச்சரிப்பார்கள். நாள்காட்டிப்படி அந்தப் பனி ஆண்டின் முற்பகுதியில்தான் வருகிறது. ஆனாலும் அது ‘தாமதமானது’, ஏனென்றால் பனிக்கு உரிய காலம் முடிந்துவிட்டது. தார்திவ்மானின் உயிரும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

மருத்துவத்தில் இதற்கு எதிர்ச்சொல் ‘ப்ரெக்கோஸ்’. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ப்ரெக்கோஸ், முற்றிய பிறகு என்றால் தார்திஃப். செவிலியர் படிப்பு படித்தவர்களுக்கு ‘டார்டிவ் டிஸ்கைனீசியா’ தெரிந்திருக்கும்; மனநோய் மருந்துகளை நெடுநாள் எடுத்த பிறகு நாக்கும் முகமும் தன்னால் அசையத் தொடங்கும் பக்கவிளைவு. பிந்தித் தோன்றுவதால் அந்தப் பெயர்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குப் பல் உண்டு. பிரான்சில் குழந்தை பிறந்தால் ஐந்து நாளைக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அதற்குமேல் போனால் அதிகாரி தானாகப் பதிய முடியாது, நீதிமன்றம் போக வேண்டும். வருமான வரிக் கணக்கைக் கெடு முடிந்து, நோட்டீஸ் வருவதற்குள் தாக்கல் செய்தால் 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இங்கெல்லாம் கடிதத்தில் ‘தார்திஃப்’ என்றோ கெடுவுக்கு வெளியே என்னும் ‘ஓர் தெலே’ என்றோ வரும். மேல்முறையீட்டுக்குப் பதிலாக வந்த தாளில் ‘தார்திஃப்’ என்று கண்டால் உங்கள் வாதத்தை அவர்கள் படிக்கவே இல்லை என்று அர்த்தம்; தேதியை மட்டும் பார்த்துத் தள்ளிவிட்டார்கள்.

படி 10: தமிழுக்குக் கொண்டுவருவது

மொழிபெயர்க்கிறவர்கள் ‘தாமதமாக’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பல இடங்களில் அது போதும். ஆனால் ‘காலந்தாழ்ந்து’ என்பதற்கும் ‘காலந்தாழ்த்தி’ என்பதற்கும் தமிழில் இடைவெளி உண்டு. முன்னது தானாக நேர்ந்தது, பின்னது யாரோ செய்தது. பிரெஞ்சுச் சொல் இந்த இரண்டுக்கும் நடுவில் மழுப்பலாக நிற்கிறது. எதைப் போடுவது என்று நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். நோயைப் பற்றியது என்றால் ‘காலந்தாழ்ந்து’, நிர்வாகத்தைப் பற்றித் தொழிற்சங்கம் எழுதியது என்றால் ‘காலந்தாழ்த்தி’. ‘த்ரோ’ சேர்ந்து வந்தால் ‘காலங்கடந்து’ என்பதே பொருந்தும். ஓவியர் ரூசோ விஷயத்தில் இது எதுவும் வேண்டாம். ‘நாற்பது வயதுக்குப் பக்கத்தில்தான் தூரிகையைத் தொட்டார்’ என்று எழுதினால் தமிழ் தமிழாக இருக்கும்.

கைப்பழக்கத்துக்கு

கீழே உள்ளவற்றில் எது வரும் என்று சொல்லிப் பாருங்கள். விமானம் இரண்டு மணி நேரம் பிந்தி இறங்கியது: ஆன் ரெத்தார். பக்கத்து வீட்டில் இரவு வெகுநேரம்வரை பாட்டு ஓடியது: தார். ஆற்றில் கழிவு கலந்ததை நகராட்சி மக்களுக்கு மூன்று வாரம் கழித்துச் சொன்னது: தார்திவ்மான். விண்ணப்பத்தை அதிகபட்சம் மார்ச் 31-க்குள் அனுப்ப வேண்டும்: ஓ ப்ளு தார். தாத்தா எழுபது வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார் என்று பேத்தி ஆசையாகச் சொல்கிறாள்: ஸுர் ல தார். அதே தாத்தாவைப் பற்றி ஓர் ஆய்வாளர் கட்டுரையில் எழுதுகிறார்: தார்திவ்மான்.